வாசகர் கேள்வி – பதில்: கப்பலேறி வரும் காற்றாலையும் கூரைமேல் சூரியத் தகடும்

முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் முடிவில், காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவற்றின் திறனுக்கும் நாடுகளுக்கிடையிலான வணிகத்துக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்கலாம் என்று குறிப்பிட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்தே வந்தவை. நாகர்கோவிலில் பல ஆண்டுகள் மின்பொறியியல் கற்பித்தவன் என்ற முறையில் அவை என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (ஆரல்வாய்மொழி வாசகர்): 1995 வாக்கில் எங்கள் தகப்பனார் தமது மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியைக் காற்றாடி நிறுவுவதற்காக விற்றார். அங்கே நிற்பது 225 கிலோவாட் இயந்திரம். இப்போது புதிதாக வரும் ஒன்றே பழையவற்றில் பத்துப் பன்னிரண்டுக்குச் சமம் என்கிறார்கள். பழையதும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம்தானே? அன்று திறன் குறைந்த சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவ்வாறு சொல்வது அந்த இயந்திரத்துக்கு நியாயம் செய்வதாகாது. திறன் என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருள்களில் பயன்படுத்துகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இறக்கைகளைக் கடக்கும் காற்றின் ஆற்றலில் எவ்வளவு பங்கு மின்சாரமாகிறது என்பது முதல் பொருள். நிறுவப்பட்ட கிலோவாட்டுக்கு ஆண்டு முழுவதும் எத்தனை யூனிட் கிடைக்கிறது என்பது இரண்டாவது. செலவழித்த ரூபாய்க்கும் கொடுத்த நிலத்துக்கும் எத்தனை யூனிட் என்பது மூன்றாவது. முதற்பொருளில் எந்தக் காற்றாலையும் 59.3 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. இது பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிய எல்லை. உங்கள் தகப்பனார் விற்ற நிலத்தில் நிற்கும் இயந்திரம் நல்ல காற்றில் 40 விழுக்காட்டை ஒட்டி எடுத்திருக்கும்; இன்றைய இயந்திரம் 45 முதல் 50 வரை எடுக்கும். இந்த வேறுபாடு மட்டும் பத்து மடங்கு விளைச்சலைத் தந்துவிடாது.

விளைச்சலைப் பெருக்கியவை இறக்கையின் நீளமும் கோபுரத்தின் உயரமும்தான். 225 கிலோவாட் இயந்திரங்களில் பரவலாக இருந்த ஒரு வகைக்கு இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். இன்று நிறுவப்படும் 3 மெகாவாட் வகை ஒன்றுக்கு அது 140 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இறக்கைகள் வருடும் பரப்பு ஏறத்தாழ 27 மடங்கு ஆகிறது. முப்பது மீட்டர் உயரத்தில் இருந்த காற்றாடி இன்று நூறு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. அங்கே காற்று வேகமானது, சீரானது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்ற கணக்கை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கணக்கை உடம்பிலேயே உணரலாம்.

வணிகம் இந்தக் கதையில் எங்கே வருகிறது? 1980களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் முன்மாதிரிக் காற்றுப் பண்ணைகளுக்கு டென்மார்க்கின் உதவி கிடைத்தது. கயத்தாற்றில் அப்படியொரு பண்ணை அமைந்தது. 1990களில் டேனிஷ், ஜெர்மானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்தும் உரிமம் பெற்றும் நம் நாட்டு நிறுவனங்கள் இயந்திரங்களைக் கோத்து நிறுவின. அந்த வணிகம் இல்லாதிருந்தால் முப்பந்தலில் ஒரு காற்றாடிகூட அந்தக் காலத்தில் எழுந்திருக்காது என்று நான் உறுதியாகவே சொல்வேன். ஆனால் கப்பலில் இயந்திரம் வந்ததே தவிர, அது பிறந்த ஊரின் மின்கட்டமைப்பு உடன் வரவில்லை. அன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் சுழலும் தூண்டல் ஜெனரேட்டர் கொண்டவை. மின்சாரத்தை அனுப்பும்போதே, தம் காந்தப்புலத்தை உண்டாக்கத் தேவையான மின்சாரத்தை (பொறியாளர்கள் இதை எதிர்வினைத் திறன் என்பார்கள்) மின்கம்பியிலிருந்து இழுப்பவை. வலுவான கட்டமைப்பில் அது பெரிய குறையாகத் தெரியாது. கிராமத்துப் பம்புசெட்டுகளுக்காக இழுத்த மெல்லிய கம்பிகளில் நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது மின்னழுத்தம் சரிந்தது, கம்பிகள் தாங்கவில்லை, நல்ல காற்றடிக்கும் நாளிலேயே இயந்திரங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. மாணவர்களை முப்பந்தலுக்கு அழைத்துச் சென்ற ஓர் ஆடி மாதத்தில், முழு வீச்சில் காற்று வீச, வரிசையாக நின்றுபோன காற்றாடிகளைக் காட்டி, "இதில் எது பழுது?" என்று ஒரு மாணவி கேட்டது இன்றும் என் நினைவில் இருக்கிறது. இயந்திரங்களில் பழுதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990களில் காற்றாலைக்குப் போட்ட முதலை முதலாண்டிலேயே நூறு விழுக்காடு தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. அதனால் பலர் இயந்திரத்தை வாங்கியதே வரிக்காக. அது எத்தனை யூனிட் தந்தது என்பது இரண்டாம் கவலையாகிவிட்டது. நிதியாண்டு முடியுமுன் நிறுவிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இடத்தேர்வு தவறியதும் உண்டு. விளையும் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்ற திட்டம் 2009 இறுதியில்தான் வந்தது. விற்க வந்தவர்கள் நாம் கேட்டதைத் தந்தார்கள். நாம் கிலோவாட்டைக் கேட்டோம், யூனிட்டைக் கேட்கவில்லை. பழைய இயந்திரங்களை அகற்றிப் புதியவற்றை நிறுவுவதற்கான மத்திய அரசின் கொள்கை 2016-இல் வெளியாகி 2023-இல் திருத்தப்பட்டது. உங்கள் பகுதியில் பேசப்படும் மாற்றங்கள் அதன் தொடர்ச்சிதான். நாட்டிலேயே நல்ல காற்றுள்ள இடங்களில் ஒன்றைச் சிறிய இயந்திரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதால் அந்த மாற்றம் விரைவாக நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (தோவாளை வாசகர்): தூத்துக்குடித் துறைமுகத்தில் மிக நீளமான காற்றாலை இறக்கைகளை அடுக்கி வைத்திருப்பதைக் கண்டேன். அவை வெளிநாட்டிலிருந்து வந்தவையா?

பதில்: பெரும்பாலும் போகிறவை. இந்தியாவில் தயாராகும் காற்றாலையில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உறுப்புகள் உள்நாட்டிலேயே செய்யப்படுகின்றன; தமிழ்நாட்டில் வார்க்கப்படும் இறக்கைகள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. ஆனால் அந்த இறக்கையின் உள்ளே வைக்கப்படும் எடை குறைந்த பால்சா மரத்தில் மிகப் பெரும்பங்கு தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் விளைவது. 2020-ஐ ஒட்டிய காலத்தில் உலகெங்கும் காற்றாலை நிறுவல் பெருகியபோது அந்த மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. அதன் பிறகே பல உற்பத்தியாளர்கள் பிளாஸ்டிக் நுரைப்பலகைக்கு விரைவாக மாறினார்கள்.

கேள்வி (மணவாளக்குறிச்சி வாசகர்): எங்கள் கடற்கரையின் கருமணலில் உள்ள பொருள்தான் காற்றாலைக் காந்தத்துக்கு வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அந்தக் காந்தத்தை ஏன் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்?

பதில்: உங்கள் ஊரின் மணலுக்கும் உலக வணிகத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இப்பகுதியிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டறிந்ததாகவும், அதன் தொடர்ச்சியாக மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவியதாகவும் வரலாறு கூறுகிறது. அன்று தேவைப்பட்டது மோனசைட்டிலுள்ள தோரியம். ஐரோப்பாவின் எரிவாயுத் தெருவிளக்குகளில் சுடரைச் சுற்றி ஒளிரும் வலையான மாண்டிலுக்கு அது வேண்டியிருந்தது. 1950-இல் உருவான மத்திய அரசின் இந்திய அருமணல் நிறுவனம் இன்று அங்கே மணலைப் பிரிக்கிறது. அதே மோனசைட்டில் நியோடிமியம் என்ற அரிய தனிமமும் இருக்கிறது. வலிமை மிக்க நிலைக்காந்தத்துக்கு அதுவே உயிர்.

கியர்பாக்ஸ் இல்லாமல், இறக்கையின் அச்சோடு நேரடியாக இணைந்து மெல்லச் சுழலும் ஜெனரேட்டருக்கு ஒரு மெகாவாட்டுக்கு அரை டன்னை ஒட்டிய காந்தம் வேண்டும். கியரில் உராய்ந்து வீணாகும் ஆற்றல் அதில் இல்லை. மெல்லிய காற்றிலும் விளைச்சல் நன்றாக இருக்கும். கடலுக்குள் நிறுவுகிறவர்கள் பழுது குறைவு என்பதற்காகவும் அதை விரும்புகிறார்கள். ஆனால் மணலுக்கும் காந்தத்துக்கும் இடையே நீண்ட பாதை இருக்கிறது. மணலிலிருந்து மோனசைட்டைப் பிரிப்பது முதற்படி மட்டுமே. அடுத்து, ஒன்றையொன்று ஒத்த பதினைந்துக்கு மேற்பட்ட தனிமங்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும், உலோகமாக்க வேண்டும், கலப்புலோகமாக்கிப் பொடித்து அழுத்திக் காந்தமாக்க வேண்டும். இந்தப் படிகளைச் சீனா பல பத்தாண்டுகள் முதலிட்டுத் தன்வசமாக்கிக்கொண்டது. 2010-இல் அது ஏற்றுமதியைக் குறைத்தபோது உலகச் சந்தையில் விலை பன்மடங்காக எகிறியது. உலக வணிக அமைப்பு 2014-இல் அந்தக் கட்டுப்பாடுகள் விதிகளுக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. மீண்டும் 2025 ஏப்ரலில், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி அனுமதி முறையைக் கொண்டுவந்தது. காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கப்படுபவை இவ்விரண்டும். நம் மோனசைட்டில் இவ்வகைக் கனத் தனிமங்கள் மிகக் குறைவு.

காந்தமே இல்லாமல், கியர்பாக்ஸும் கம்பிச்சுருளும் கொண்ட ஜெனரேட்டராலும் காற்றாலையை இயக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலானவை அவ்வகையே. ஆகவே எந்த வகை இயந்திரத்தை வடிவமைப்பது என்ற முடிவு பொறியாளரின் மேசையில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. எந்தப் பொருள் எந்தத் துறைமுகத்தில் தடையின்றிக் கிடைக்கும் என்பதைப் பார்த்துச் சற்றே திறன் குறைந்த வடிவத்தை ஏற்றுக்கொள்வதும் அறிவுடைமைதான். இந்தக் காரணங்களைக் காட்டிக் கடற்கரை மணலை எப்படியும் அள்ளலாம் என்று யாரும் வாதிட்டால் அதை நான் ஏற்க மாட்டேன். கிள்ளியூர் வட்டத்துக் கடலோர மக்கள் கதிரியக்கத்தையும் கடலரிப்பையும் பற்றி எழுப்பும் கேள்விகள் நேர்மையானவை. மணலைப் பிரித்ததோடு நிறுத்திக்கொள்ளும் தொழிலால் அவர்களுக்குச் சுமை முழுதாகவும் பயன் அரைகுறையாகவும் வருகிறது.

கேள்வி (நாகர்கோவில் கல்லூரி மாணவி): வெளிநாட்டு வணிகம் பெருகினால் ஆற்றல் திறன் கூடும் என்று சில ஆய்வுகளும் குறையும் என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டும் தத்தம் அளவில் சரியாக இருக்கலாம். வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் விளைவை 1991-இல் ஆராய்ந்த கிராஸ்மன், க்ரூகர் என்ற பொருளியலாளர் இருவர், வணிகத்தின் விளைவை மூன்றாகப் பிரித்தார்கள்: உற்பத்தியின் அளவு பெருகுவதால் வருவது, எந்தத் தொழில் எந்த நாட்டுக்கு நகர்கிறது என்பதால் வருவது, தொழில்நுட்பம் மாறுவதால் வருவது. முதலாவது ஆற்றல் செலவைக் கூட்டும், மூன்றாவது குறைக்கும், நடுவிலுள்ளது நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டை, எந்தக் காலத்தை, எந்த அளவுகோலால் ஆராய்ந்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறத்தான் செய்யும். ஆய்வுக் கட்டுரையைத் திறந்ததும், அதில் திறன் என்பதற்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

சூரியத் தகட்டின் வரலாறு மூன்றாவது விளைவுக்கு நல்ல சான்று. தகட்டுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிறு அலகே செல். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்த சிலிக்கான் செல்லின் திறன் 6 விழுக்காடு. இன்று கடையில் வாங்கும் தகடு 21 முதல் 23 வரை தருகிறது. இடையில், செல்லின் பின்புறத்தைச் செம்மைப்படுத்தித் திறனைக் கூட்டும் முறையை ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்பவரின் குழு 1980களில் உருவாக்கியது. அவரிடம் பயின்ற சீன மாணவர்கள் ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். 2000-இல் ஜெர்மனி இயற்றிய சட்டம், சூரிய மின்சாரத்துக்கு நீண்டகால விலையை உறுதி செய்து அந்தத் தகடுகளுக்குச் சந்தையைத் திறந்தது. உற்பத்தி இருமடங்காகும்போதெல்லாம் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. கிடைத்த வருவாயில் ஆலைகள் அடுத்த தலைமுறை இயந்திரங்களை வாங்கின. திறனும் கூடவே ஏறியது. இவற்றுள் எந்த நாடும் தனித்து இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் இன்று தகடு உற்பத்தியின் எல்லாப் படிகளிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவில் குவிந்திருப்பதும் அதே வணிகத்தின் விளைவுதான்; மணவாளக்குறிச்சி வாசகருக்குச் சொன்ன காந்தத்தின் கதை இங்கேயும் நிகழாது என்று உறுதி சொல்ல இயலாது. சூரியத் தகடு போன்ற சுற்றுச்சூழலுக்கு உதவும் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்குவது பற்றிச் சில நாடுகள் 2014-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை 2016 டிசம்பரில் முடிவின்றி நின்றுபோனது. இந்தியா அதில் பங்கேற்கவில்லை.

கேள்வி (தக்கலை வாசகர்): மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைக்க இருக்கிறேன். மானியம் வேண்டுமென்றால் இந்தியச் செல் உள்ள தகடு வாங்க வேண்டும் என்றும், மானியம் வேண்டாமென்றால் வெளிநாட்டுச் செல் உள்ளது மலிவாகவும் திறன் கூடியதாகவும் கிடைக்கும் என்றும் விற்பனையாளர் சொல்கிறார். இறக்குமதிக்கு வரி போட்டு நமக்குத் திறன் குறைந்ததைத் தருகிறார்களா?

பதில்: உங்கள் வீட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 3 கிலோவாட் என்றால், தகட்டின் திறன் 20 விழுக்காடானாலும் 22.5 ஆனாலும் அது 3 கிலோவாட்டே. முன்னதற்கு 15 சதுர மீட்டர் தகடு, பின்னதற்கு 13.3 சதுர மீட்டர். மாடியில் இடம் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வெளிநாட்டுச் செல் எதையும் கூடுதலாகத் தந்துவிடாது.

நம் ஊருக்கு வேறு மூன்று செய்திகளே முக்கியம். முதலில் சூடு. தகட்டின் மேல் எழுதியிருக்கும் வாட் 25 பாகை வெப்பத்தில் அளந்தது; சித்திரை வெயிலில் தகடு 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் 0.35 விழுக்காடு இழக்கும் வகை 35 பாகை கூடும்போது 12 விழுக்காட்டுக்கு மேல் இழக்கும், 0.30 இழக்கும் புதிய வகை பத்தரை இழக்கும். அடுத்தது தென்னை. தக்கலைப் பக்கம் தென்னையோலை நிழல் விழாத மாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு மட்டையின் நிழல் ஒரு வரிசைச் செல்களையே முடக்கும் என்பதால், செல்லைப் பாதியாக வெட்டி இரு பகுதிகளாக இணைத்த தகட்டைக் கேளுங்கள். பிறகு உப்புக்காற்று. கடலோரத்தில் இருப்பவர்கள், உப்புப்படலத் தாங்குதிறனுக்கான ஐஇசி 61701 சோதனைச் சான்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இம்மூன்றையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்தே அவரை எடைபோட்டுவிடலாம்.

இனி வரி. இந்தியா 2018 ஜூலையில் இறக்குமதித் தகடுகளுக்கு 25 விழுக்காடு பாதுகாப்பு வரியை விதித்தது. 2022 ஏப்ரல் முதல் தகட்டுக்கு 40, செல்லுக்கு 25 விழுக்காடு சுங்க வரி வந்தது. இதனால் விலை ஏறியது உண்மை. ஆனால் வணிக விதி திறனைக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அதற்கு முன்பே இருக்கிறது. 2010-இல் தொடங்கிய தேசியச் சூரிய இயக்கத்தின் முதற்கட்டத்தில், படிகச் சிலிக்கான் தகடு உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் பூசிச் செய்யும் மென்படலத் தகட்டுக்கு அந்த விதி இல்லை. முதலீட்டாளர்கள் என்ன செய்தார்கள்? குறைந்த வட்டியில் அமெரிக்கக் கடனும் கிடைத்ததால், திறன் குறைவானாலும் மென்படலத் தகடுகளை இறக்குமதி செய்து கூடுதல் நிலத்தில் பரப்பினார்கள். உள்நாட்டு ஆலைக்கும் பயனில்லை, திறனும் போயிற்று. பிறகு அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வணிக அமைப்பு 2016-இல் அந்த விதியே செல்லாது என்றது.

இப்போதைய முறையில் ஒரு நல்ல திருத்தம் இருக்கிறது. மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட தகடுகளின் பட்டியலில் இடம்பெற, பெரிய மின்நிலையத்துக்கான படிகச் சிலிக்கான் தகட்டுக்கு 20 விழுக்காடு, வீட்டுக்கூரைக்கு 19.5 விழுக்காடு என்று குறைந்தபட்சத் திறனை 2023-இல் வரையறுத்தார்கள். வேலி போடுவதாக இருந்தால், இப்படித் திறனை அளந்து போடும் வேலியையே நான் ஆதரிப்பேன். அந்த அளவை ஆண்டுக்காண்டு உயர்த்தியும் வர வேண்டும்.

கேள்வி (குளச்சல் வாசகர்): எங்கள் ஐஸ் ஆலையில் 20 கிலோவாட் சூரிய மின்சாரம் இருக்கிறது. திறன் மிக்கது என்று சொல்லி விற்ற வெளிநாட்டு இன்வெர்ட்டர் பழுதாகி, அதன் மாற்று மின்சுற்றுப் பலகை கடல்கடந்து வர மூன்று மாதம் ஆயிற்று. இந்த இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஐந்தோடு நிறுத்துவதாக இருந்தேன், உங்கள் கடிதத்தை ஒதுக்க மனம் வரவில்லை. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற வழக்கமான கணக்கில், உங்களுக்குக் கிடைக்க வேண்டியது நாளைக்கு 80, ஆண்டுக்கு 29,200 யூனிட். மூன்று மாதத்தில் நீங்கள் இழந்தது 7,200 யூனிட். 97 விழுக்காடு திறனுள்ள இன்வெர்ட்டருக்குப் பதிலாக 98 உள்ளதை வாங்கியிருந்தீர்கள் என்று கொண்டால், அந்த ஒரு விழுக்காட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 292 யூனிட் மிச்சம். மூன்று மாத இழப்பை ஈடுகட்ட அதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும்; தகட்டின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான்.

அடுத்த முறை வாங்கும்போது, பழுது என்று தெரிவித்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் மாற்றுக்கருவி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 80 யூனிட்டின் விலையைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கருவி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைவிட, அதன் உதிரி உறுப்பு நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ கையிருப்பில் உள்ளதா என்பதைக் கேளுங்கள். பக்கத்து ஐஸ் ஆலைகளும் ஒரே வகை இன்வெர்ட்டரை வைத்திருந்தால், நீங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மாற்றுப் பலகையைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.